பணத்துக்குப் பக்கத்தில் ஒரு தேதி

மாதம் பிறந்து பதினைந்து தேதிக்குள் எண்பத்தாறு வீட்டு வாசலில் நின்றாக வேண்டும். 1998லிருந்து இதுதான் என் வேலை. மதுரை ஆரப்பாளையத்தில் நாலைந்து தெருக்களுக்கு நான் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜெண்ட். ஆர்.டி. என்றால் மாதாமாதம் ஒரே தொகையை ஐந்து வருடம் கட்டும் சேமிப்பு. பணத்தை வாங்கி, கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, லிஸ்ட் போட்டுக் கட்டினால் நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷன். கமிஷனைவிட எனக்குக் கிடைத்த பெரிய வரவு, எந்த வீட்டில் காசு நிற்கிறது, எந்த வீட்டில் ஓடுகிறது என்று வாசலில் நின்றபடியே பார்க்க முடிந்தது.

ஒரே தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் குடியிருந்தார்கள். இருவரும் டிரைவர்கள், கிட்டத்தட்ட ஒரே சம்பளம், ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். ஜூன் மாதம் வந்தால் அண்ணன் மனைவியின் கழுத்துச் சங்கிலி வட்டிக்கடைக்குப் போய்விடும். தம்பி வீட்டில் அப்படி நடந்ததே இல்லை. அவர்கள் ஒன்றும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பவர்களும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கத் தவறியதில்லை. தம்பி மனைவி ஒரு காரியம் செய்வாள். கையில் வரும் எந்தப் பணமாக இருந்தாலும் ‘இது எந்த மாசத்துக்கு?’ என்று கேட்பாள். அவளிடமிருந்து கற்றதைத்தான் என் நோட்டில் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நோட்டு

ஒரு குயர் நோட்டு போதும். பன்னிரண்டு பக்கத்துக்குப் பன்னிரண்டு மாதத்தின் பெயரை எழுதுங்கள். மாதாமாதம் வரும் வாடகை, மளிகை, பால், கேஸ் இதையெல்லாம் எழுத வேண்டாம். அவை எப்படியும் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் படாமல் ஒளிந்திருந்து வருவதை மட்டும் எழுதுங்கள். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம். அரை வருடத்துக்கு ஒரு தரம் வீட்டு வரி. இரண்டு மாதத்துக்கு ஒரு கரண்ட் பில், அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஏறி வருவது. வண்டி இன்சூரன்ஸ். தீபாவளித் துணி. குலதெய்வம் கோயிலுக்குப் போக வேன் வாடகையும் கிடாயும். பொங்கல் சீர்.

எங்கள் வீட்டில் போன வருடம் கூட்டிப் பார்த்தால் 61,200 ரூபாய் வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,100. இந்த 5,100 சேமிப்பு இல்லை. இன்னும் தேதி வராத செலவு, அவ்வளவுதான். சம்பளம் வந்த அன்றே ஏ.டி.எம். கார்டு இல்லாத, போனில் இணைக்காத வேறொரு கணக்குக்கு அதைத் தள்ளிவிடுகிறேன். மிச்சம் இருப்பதுதான் அந்த மாதத்துச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன். முதல் நாலு மாதம் கையைக் கடிக்கும். ஐந்தாவது மாதம் பழகிவிடும்.

முதல் சம்பளக்காரர்களுக்கு

என் மகனுக்கு 2019இல் சென்னையில் வேலை கிடைத்தது, கையில் 14,500. அவனிடம் மூன்றுதான் சொன்னேன். ஒன்று, கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்ணாதே, புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள். பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன் என்ற பேச்சே. நடுவில் பிடுங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. மூன்று, கிரெடிட் கார்டு வைத்துக்கொள், ஆனால் ‘மினிமம் டியூ’ கட்டினால் போதும் என்று அது சொல்வதைக் கேட்காதே. மிச்சத் தொகைக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகிறார்கள். நம்ம தெருக் கணக்கில் மூன்றரை வட்டி. எங்கள் முக்குக் கடைக்காரர் இரண்டு வட்டிக்கு விட்டே ஊரார் வாயில் விழுகிறார்.

மூன்றில் இரண்டைக் கேட்டான். கிரெடிட் கார்டு பாடத்தைக் காசு கொடுத்துத்தான் கற்றான்.

கல்யாணம் ஆன புதிதில்

யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று முதல் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் யார் பெயரில், யார் அடைப்பது, தம்பி படிப்புக்கு யார் அனுப்புவது, எல்லாம். ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தால் தொகை பெரிதாகத் தெரியாது, மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும்.

பெண்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கடுகு டப்பாவில் வேண்டாம். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, மறுநாளிலிருந்து ஒரு வாரம் என் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். சேலை மடிப்பிலிருந்தும், அரிசிப் பானையிலிருந்தும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு அக்கா 38,000 வைத்திருந்தார், பன்னிரண்டு வருடச் சேமிப்பு. வங்கியில் போட்டதும் வீட்டுக்காரருக்குத் தெரிந்து, தீபாவளிக் கடனுக்குப் போய்விட்டது. உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் ஒரு கணக்கு இருக்கட்டும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற வீடுகளில் பலர் இப்போது அதை அப்படியே ஆர்.டி.யில் போடுகிறார்கள். மாதம் ஆயிரம் வீதம் ஐந்து வருடம் கட்டினால் 60,000. இப்போதைய 6.7 சதவீத வட்டியில் 71,366 ரூபாயாகக் கைக்கு வரும்.

இன்னொரு தொழில் ரகசியம். இரண்டாயிரம் போட முடிந்தால் ஒரே ஆர்.டி.யாகப் போடாதீர்கள். நாலு ஐந்நூறாகப் பிரித்து, நாலைந்து மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆர்.டி.யை உடைக்க முடியாது, அதற்குப் பிறகு ஐந்து வருடம் முடியும்முன் உடைத்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். நாலாக இருந்தால் ஆத்திர அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற மூன்றும் தப்பிக்கும். உடைக்காமலும் சமாளிக்கலாம்: பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருக்கும் தொகையில் பாதி வரை கடன் தருவார்கள், ஆர்.டி. வட்டியோடு இரண்டு சதவீதம் சேர்த்து. இது இருப்பது தெரியாமல் அடகுக்கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

மொய் நோட்டைக் கணக்கில் சேருங்கள்

எங்கள் பக்கத்தில் குடும்பக் கணக்கு எழுதும் யாரும் மொய்யைத் தொடாமல் எழுத முடியாது. 1999இல் எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காது குத்தினோம். மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசிக்க, மொத்தம் 18,740 ரூபாய் வந்தது. அன்று ராத்திரி நானும் இவரும் பாயில் உட்கார்ந்து எண்ணினோம். ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பணத்தில் டிவி வாங்கினோம், பீரோ வாங்கினோம்.

அது வரவு இல்லை, கடன். வட்டியும் தேதியும் எழுதாத கடன். பழைய மொய்யோடு கொஞ்சம் கூட்டிச் செய்வதுதான் மரியாதை என்பதால் வட்டியும் உண்டு, எழுதவில்லை என்பதுதான் வித்தியாசம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து இதை வெளிப்படையான கொடுக்கல் வாங்கலாகச் செய்கிறார்கள். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நாம்தான் அன்பளிப்பு என்று ஏமாந்துபோகிறோம். 2002 வைகாசியில் ஒரே மாதத்தில் பதினோரு பத்திரிகை வந்தது. டிவியை விற்றால்கூட பாதிக்குக் காணாது.

2017இல் மகள் கல்யாணம் முடிந்த பிறகு புத்தியாக ஒன்று செய்தேன். மொய் நோட்டில் 212 பெயர். ஒவ்வொரு பெயராக விரலை வைத்து, இந்த வீட்டில் கல்யாண வயதில் யார், காது குத்தாத பேரப்பிள்ளை யார், வீடு கட்டுகிறவர் யார் என்று இவரிடம் கேட்டுக் கேட்டு, பக்கத்தில் உத்தேசமாக வருடம் எழுதினேன். அந்த வேலைக்கு மட்டும் இவர் ஆர்வமாக உட்கார்ந்தார், ஊர்க்கதை பேசலாம் அல்லவா. அடுத்த மூன்று வருடத்தில் வரக்கூடியது நாற்பது வீடு, திருப்பிச் செய்ய வேண்டியது கூட்டல் போட்டு 73,800. முப்பத்தாறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 2,050. அந்த 73,800, கல்யாண மொய்யில் வந்த பணத்திலிருந்தே தனியாக எடுத்து வைக்கப்பட்டது. மிச்சத்தில்தான் மண்டபக்காரருக்குப் பாக்கி கொடுத்தோம். மகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மொய்க்கும் நான் கைமாத்து வாங்கியதில்லை.

பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது

பத்து வயது நிறையாத பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். 2015இல் வந்தது. இப்போது 8.2 சதவீதம். பதினைந்து வருடம் கட்ட வேண்டும், தொடங்கி இருபத்தொன்றாவது வருடம் முதிர்வு. பெண்ணுக்கு பதினெட்டு ஆனாலோ பத்தாவது முடித்தாலோ மேற்படிப்புக்கென்று இருப்பில் பாதி வரை எடுக்கலாம். பேத்திக்கு மாதம் ஆயிரம் போட்டு வருகிறேன். வருடத்துக்கு 250 கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும், முடங்க விடாதீர்கள்.

சம்பாதிப்பவர் திடீரென்று போய்விட்டால் என்ற கேள்விக்கு வங்கியிலேயே மலிவாக விடை இருக்கிறது. வருடம் 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு. கணக்கிலிருந்து தானே பிடித்துக்கொள்வார்கள், மே மாதக் கடைசியில் இருப்பு இல்லையென்றால் புதுப்பிக்காமல் போய்விடும். இரண்டு லட்சம் போதாது, முடிந்தவர்கள் டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி, எடுக்க வேண்டும். காப்பீடும் சேமிப்பும் ஒன்றாக வரும் பாலிசியை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் அதை விற்கிற சில தோழிகளின் வீட்டுக்காரர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மகள் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகை) போடுகிறாள். பதினைந்து வருடம் தொடமாட்டாய் என்றால் போடு, மூன்றாவது வருடம் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸை அங்கே வைக்காதே என்றேன். சந்தை இறங்கியிருக்கும் மாதத்தில்தான் ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜ் வரும்.

வட்டியை மாதக் கணக்கில் படியுங்கள்

2006இல் இவர் வேலை பார்த்த நூற்பாலையை மூடினார்கள். வர வேண்டிய பணம் கைக்கு வர மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் நான் தண்டல் வாங்கினேன். ஊருக்கெல்லாம் சேமிப்புச் சொல்லித் திரிகிற ஏஜெண்ட், தண்டல்காரர் பைக் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

தண்டல் என்றால் இப்படி. பத்தாயிரம் என்று பெயர், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். ‘எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். நூறு நாளும் சராசரியாக நம் கையில் இருப்பது 8,500 இல்லை, அதில் பாதி, 4,250. அதற்கு மூன்று மாதமும் சில நாளும் சேர்ந்து 1,500 வட்டி. மாதத்துக்கு 450. நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். அதாவது பத்து வட்டி. ‘பத்து வட்டிக்குத் தருகிறேன்’ என்று யாராவது நேராகச் சொல்லியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன். தினம் நூறு ரூபாய் என்று சொன்னதால் வாங்கினேன்.

அதனால் எந்தக் கடனையும் ‘நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய்’ என்று மாற்றிப் பாருங்கள். வங்கி நகைக்கடன் வருடம் ஒன்பது சதவீதம் என்றால் முக்கால் ரூபாய் வட்டி. பன்னிரண்டு என்றால் ஒரு வட்டி. செயலியில் ஐந்து நிமிடத்தில் தரும் கடனில் பிராசசிங் ஃபீ என்று முன்னால் பிடிப்பதும் வட்டிதான், தண்டல்காரர் பிடித்த 1,500 போல.

அந்தக் காலத்தில் பீரோவில் ஏழு பவுன் சும்மா இருந்தது. நகையை அடகு வைத்தால் மானம் போய்விடும் என்று தண்டல் வாங்கினேன். முக்கால் வட்டியை விட்டுவிட்டுப் பத்து வட்டி கட்டியதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம். நகையை வங்கியில் வையுங்கள், மீட்கும் தேதியை நோட்டில் எழுதுங்கள். தேதி எழுதாமல் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் நகை மூழ்கிவிடும்.

சீட்டுக்கும் கேள்விகள் உண்டு. பதிவு செய்த சீட்டா, பதிவு எண் என்ன? தெருவில் நடத்தும் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கேளுங்கள். நல்லவர்கள்தான் ஓடிப்போகும்போது யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நாற்பதுக்கு மேல்

வீட்டுக்கடன். 20 லட்சம், 9 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 17,995. மொத்தமாக 43 லட்சத்துக்கு மேல் கட்டுவோம். பயப்படச் சொல்லவில்லை, வாடகை கட்டினாலும் போகத்தான் போகிறது. ஆனால் கடன் முடியும்போது உங்களுக்கு என்ன வயது என்று எழுதிப் பாருங்கள். 45இல் வாங்கி 65இல் முடிகிறது என்றால், 58க்குப் பிறகு தவணையை யார் கட்டுவது? பிள்ளைதான் என்றால் அவனிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இந்த வயதில்தான் அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும். வருட வருமானம் 1,20,000க்குள் இருக்கும் குடும்பமென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள், வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றுக்கு ஆள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஐம்பத்தெட்டில் தேவைப்படும் என்றால் ஐம்பத்தைந்துக்கு முன்னாலேயே கட்டத் தொடங்க வேண்டும்.

கையில் மொத்தமாகப் பணம் வரும் வயது

2023இல் இவருடைய பங்கு நிலம் விற்று 12 லட்சம் வந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. பத்து லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500. ஐந்து வருடத்துக்கு அந்த வட்டி மாறாது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மகன் மொபைல் கடை வைக்க நாலு லட்சம் கேட்டான். வருடம் முடிவதற்குள் எடுத்தால் வட்டியே கிடையாது, அதற்குப் பிறகு எடுத்தாலும் அசலில் பிடிப்பார்கள் என்று ரூலைச் சொன்னேன். பொய் இல்லை, உண்மையான ரூல்தான். தாய் முடியாது என்றால் மனத்தாங்கல், அரசாங்கம் முடியாது என்றால் இல்லை. மிச்ச இரண்டு லட்சத்தில் ஒரு லட்சம் கொடுத்தேன், திரும்பி வராது என்று தெரிந்தே. அதையும் நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

மஞ்சள் பை

பீரோவில் மேல்தட்டில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. பத்திரம், பாஸ்புக், பாலிசி, பி.எஃப். சான்றிதழ், ஈ.பி. கார்டு, வீட்டு வரி ரசீது, எல்லாவற்றின் நகலும் மகளிடம். ஒவ்வொரு தை மாதமும் எடுத்துப் பார்த்து நாமினி பெயரைச் சரிபார்ப்பேன். ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கில் இறந்துபோன அம்மாவின் பெயரே நாமினியாக இருந்தது. வீட்டுக்காரர் இறந்த பிறகு மனைவி தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கி, அலைந்து, பணம் கைக்கு வர ஒன்றரை வருடம். பொதுவாக நாமினி என்றால் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அது சொந்தமாவது வாரிசுகளுக்குத்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கணவன் மனைவி கணக்கு, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கட்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவருடைய காரியச் செலவு எழுதியிருக்கிறேன். பந்தல், நாற்காலி, மேளம், வண்டி, பதினாறாம் நாள் சாப்பாடு. மகளும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் அதற்கென்று 60,000 கிடக்கிறது. மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வரிவரியாகப் படித்தார். ‘பந்தலுக்கு ஐயாயிரம் காணாது, மழைக்காலமா இருந்தா தகரம் போடணும். ஏழாயிரமா எழுது’ என்றார். திருத்திவிட்டேன்.